மரம் முந்தியா, கம்பி முந்தியா?

பாலாற்றங்கரையின் தோல் ஊர்களில், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ, சுற்றுச்சுவருக்குள் பழைய வேப்பமரம் நிற்கிற வீட்டைப் பார்த்தால், மரத்தின் வீட்டுப்பக்கம் தழைத்து விரிந்திருக்கும். தெருப்பக்கம் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். மொட்டையான பக்கத்தில் கரண்ட் கம்பி போகிறது. தெருக்கள் குறுகல். சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த ஓரடி இடத்தில் கம்பம் நட்டாகிவிட்டது, கம்பிக்கு வேறு வழியில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை என்று அறிவிப்பு வரும். பிறகு ஏணியும் கயிறும் அரிவாளும் வரும். சாயங்காலம் கரண்ட் வந்துவிடும். வெட்டிப்போட்ட கிளைகள் மட்டும் சில நாள் தெருவோரம் காய்ந்து கிடக்கும். இப்படிச் சில ஆண்டுகள் நடந்தபின் மரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அல்லது பட்டுப்போகிறது, அல்லது இனி என்ன மிச்சம் என்று அடியோடு எடுத்துவிடுகிறார்கள். இதை யாரும் இழப்பு என்று எழுதிவைப்பதில்லை. மின்வாரியக் கணக்கில் அது பராமரிப்பு, நகராட்சிக் கணக்கில் குப்பை, வீட்டுக்காரர் கணக்கில் விறகு. கம்பியும் மரமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அரிவாளை எடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். முதலில் வந்தது எது? போனால் திரும்பக் கிடைக்குமா? இரண்டாவது கேள்விக்கான பதில் தோல் ஊர்களில் மற்ற ஊர்களைவிடக் கசப்பானது.

முதல் கேள்வியைச் சட்டமே கேட்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 68ஆம் பிரிவு, மேலே போகும் மின்தடத்துக்குப் பக்கத்தில் உள்ள மரம் மின்சாரம் போவதற்கு இடைஞ்சலாக இருந்தால் அதை அகற்றும் வழியைச் சொல்கிறது. மின்சாரம் வழங்கும் நிறுவனம் நிர்வாகத்துறை நடுவரிடமோ அரசு குறிப்பிட்ட அதிகாரியிடமோ விண்ணப்பிக்க வேண்டும். மரத்தை என்ன செய்வது என்று அவர் முடிவு செய்வார். நம் ஊர் வழக்கில் தாசில்தாரும் கோட்டாட்சியரும் இந்த நடுவர் அதிகாரம் உள்ளவர்கள். அடுத்த உட்பிரிவு முக்கியமானது. கம்பி போடுவதற்கு முன்பே மரம் அங்கே இருந்திருந்தால், மரத்துக்கு உரியவருக்கு நியாயமான இழப்பீடு வழங்க உத்தரவிட வேண்டும். அதை மின் நிறுவனத்திடமிருந்து அவர் வசூலித்துக்கொள்ளலாம். மரம் என்பதில் புதரும் வேலிச்செடியும்கூட அடங்கும் என்று சட்டம் விளக்கம் தருகிறது. இது 2003இல் புதிதாகப் பிறந்த கருணை இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவிலேயே இதே ஏற்பாடு இருந்தது: தந்திக் கம்பிக்கு முன்பே நின்ற மரத்துக்கு நஷ்டஈடு உண்டு, பின்னால் வைத்த மரத்துக்கு இல்லை. தந்தி சேவை 2013இல் முடிந்துபோனது. அந்த நியாயம் மட்டும் மின்சாரச் சட்டத்துக்குள் வந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. கம்பிக்கு அடியில் தெரிந்தே மரம் வைத்தவருக்குச் சட்டம் எதுவும் தருவதில்லை, அது சரியும்கூட.

தெருவில் நடப்பது வேறு. விண்ணப்பம், விசாரணை, உத்தரவு என்ற பாதையில் யாரும் போவதில்லை. கிளை கழிப்பது அன்றாட வேலை என்று கள ஊழியர்கள் செய்கிறார்கள். வீட்டுக்காரரும் அரசாங்க வேலைதானே என்று ஒதுங்கி நிற்கிறார். மரம் முந்தியது என்பதை எப்படி நிரூபிப்பது என்ற தயக்கமும் உண்டு. ஆனால் மரத்தைக் கணக்கில் வைப்பதில் நம் நிர்வாகம் பழைய கைகாரன். கிரயப் பத்திரங்களில் கிணற்றோடு சேர்த்து ‘மாவடை மரவடை’ என்று எழுதுவது இன்றும் தொடர்கிறது. நிலம் அரசுடையதாக இருந்தாலும் அதில் நிற்கும் பலன்தரும் மரத்தை ஒருவர் அனுபவிக்க 2சி பட்டா என்ற மரப்பட்டா கொடுத்து, கிராம நிர்வாக அலுவலர் அதற்கெனத் தனிக் கணக்கு வைத்திருந்தார். மண் வேறு, மரம் வேறு, இரண்டுக்கும் தனித்தனி உரிமை இருக்கலாம் என்ற நுணுக்கம் நம் வருவாய்த் துறைக்குப் பழக்கமானதுதான். அந்த வீதிக்கு எந்த ஆண்டு மின்தடம் வந்தது என்பது மின்வாரியப் பதிவேட்டில் இருக்கும். தாத்தா பெயரில் உள்ள பத்திரத்தில் மரம் இருக்கும். தமிழ்நாடு மின்வாரியம் உருவானதே 1957 ஜூலை 1இல். அதற்கு முந்தைய பத்திரத்தில் புளியோ மாவோ குறிக்கப்பட்டிருந்தால் எது முந்தியது என்ற வழக்கு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

இழப்பு என்ன என்பதை நிழலிலிருந்து தொடங்கலாம். வேலூர் வெயில் ஊரறிந்தது. அக்னி நட்சத்திரத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. இந்த ஊர்கள் வழியே போகும் நெடுஞ்சாலையின் மறுமுனையில் உள்ள பெங்களூரில் ஹரிணி நாகேந்திராவும் அவருடன் பணியாற்றியவர்களும் மரமுள்ள தெருவையும் மரமில்லாத தெருவையும் அளந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மரமுள்ள இடத்தில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரையும், சாலைத் தரையின் வெப்பம் 27.5 டிகிரி வரையும் குறைவாக இருந்தது. குளிர்ச்சிக்குப் பேர்போன ஊரிலேயே இந்த வித்தியாசம் என்றால், ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சிமென்ட் தெருவுமான ஆம்பூர்ப் பேட்டைகளில் ஒரு வேம்பின் பெறுமானம் என்ன என்று யோசித்துப் பார்க்கலாம். இந்த ஊர்களில் நிழல் என்பது வேலையிடமும்கூட. ஷூ கம்பெனிகளுக்குள் நடக்கும் வேலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரியாதது, ஆம்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பரைக் கையால் தைக்கும் பெண்களின் வேலை. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தடித்த தோலில் ஊசியை இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போகும்; தையல் கோணாமல் இருக்க வெளிச்சம் வேண்டும். ஒற்றை அறை வீட்டுக்குள் அந்த வெளிச்சம் கிடைக்காததால் வாசலுக்கு வருகிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கும் இதே நிலைதான். வாசல் மரம் போனால் இவர்களுக்குப் பகலில் வேலைசெய்யும் நேரம் குறைகிறது, அதாவது கூலி குறைகிறது. இந்தக் கணக்கு எந்த அலுவலகத்துக் கோப்பிலும் ஏறுவதில்லை.

ஒன்று போனால் பத்து வைப்போம் என்பதுதான் வழக்கமான ஆறுதல். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும் என்கிறது, நல்ல இலக்கு. ஆனால் கன்று எந்தத் தண்ணீரில் வளரப்போகிறது? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்துக் கணக்கை எடுத்துச் சொல்கிறது. டேனரிக் கழிவின் உப்பு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கியதால் பாலாற்றங்கரைத் தென்னந்தோப்புகள் காய்ப்பிழந்ததை இந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் சொல்வார்கள். பாலாற்றையே நம்பியிருந்த இந்த ஊர்களுக்கு இப்போது காவிரித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அரை நூற்றாண்டு வயதான வீட்டு மரம், நிலத்தடி நீர் நல்ல நீராக இருந்த காலத்தில் வேர்விட்டது. வளர்ந்த வேர் உப்பை ஓரளவு தாங்கும். இளங்கன்றுக்கு அது எளிதல்ல. குடிக்கவே கேன் வாங்குகிற வீட்டில் கன்றுக்கு ஊற்ற நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? அதனால்தான் இங்கே ஒரு பழைய மரத்தை வெட்டுவது, மற்ற ஊர்களில் வெட்டுவதைப் போன்றதல்ல. பத்துக் கன்று என்பது காகிதத்தில் சரியாக வரும் கணக்கு.

அந்த 1996 தீர்ப்புக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பொருத்தமும் உண்டு. கெடுத்தவரே கெடுதலுக்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நீதிபதி குல்தீப் சிங் இந்த மண்ணின் வழக்கில்தான் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தார். அதையொட்டி அமைந்த சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 2001இல் 547 டேனரிகள் மீது பொறுப்பைச் சுமத்தி, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. அந்தத் தொகை போதாது, அதுவும் முழுமையாகப் போய்ச்சேரவில்லை என்பதால்தான் 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி கண்டிப்பான உத்தரவு பிறப்பிக்க நேர்ந்தது. குறைகள் எவ்வளவு இருந்தாலும், கெட்டுப்போன கிணற்றுக்கும் நிலத்துக்கும் விலைபோட முடியும், அந்த விலையைக் கெடுதல் செய்தவரிடம் கேட்க முடியும் என்று நாட்டுக்குக் காட்டிய ஊர்கள் இவை. கம்பிக்காக மரத்தை எடுப்பவர் மட்டும் செலவில்லாமல் எடுத்துவிட்டுப் போகலாம் என்பதை இந்த ஊர்கள் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? விலை எப்படிப் போடுவது என்பது நியாயமான கேள்வி. மேற்கு வங்க ரயில்வே மேம்பால வழக்கில் உச்ச நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர் குழு 2021இல் ஒரு வழி சொன்னது: மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐம்பது வயது மரம் 37 லட்சத்தைத் தாண்டும். அந்தத் தொகை மிகை என்றே எனக்குப் படுகிறது. அதில் பெரும்பங்கு ஆக்சிஜனுக்குப் போட்ட விலை. பத்தில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டாலும், விறகு எடையையும் காய்ப்பையும் மட்டும் பார்த்துப் போடும் மதிப்பைவிட அது பல மடங்கு அதிகம். ஒரு மரத்துக்குச் சில லட்சம் என்று எழுத வேண்டிவந்தால், மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர் கம்பியை நகர்த்துவது மலிவா என்று முதலில் பார்ப்பார். விலைபோடுவதன் பயனே அதுதான்.

மரம் எப்படிச் சாகிறது என்பதையும் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பல மரங்களைக் கொல்வது வெட்டு அல்ல, தப்பான வெட்டு. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் ஒரு தடிப்பு இருக்கும். காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது. மரம் நம் தோலைப்போலப் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவிட்டுப் புதுக் கட்டையை மேலே வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ பல்லாயிரம் மரங்களை ரம்பத்தால் பிளந்து பார்த்து 1970களில் இதை விளக்கினார். தடிப்புக்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் மூடிக்கொள்ளும். கம்பிக்கு எட்டாத தூரம் போதும் என்று கிளையின் நடுவில் வெட்டினால் முளைபோல் ஒரு கட்டை நிற்கும். அது அழுகி, அழுகல் தண்டுக்குள் இறங்கும். எடைமிக்க கிளையை மேலிருந்து ஒரே வீச்சில் வெட்டினால் அது ஒடிந்து தொங்கும்போது தண்டின் பட்டையையும் ஒரு முழ நீளம் உரித்துக்கொண்டு போகும். சரியான முறை மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து பாதி, அதற்கும் சற்று வெளியே மேலிருந்து முழுவதும், கடைசியாக மிஞ்சிய கட்டையைத் தடிப்பருகே. இதற்கு அதிக நேரம் ஆகாது. தலையை மொட்டையடித்த வேம்பு அடுத்த மழையில் வெட்டுவாய் சுற்றிலும் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். பார்ப்பவர்கள் மரம் பிழைத்துக்கொண்டது என்பார்கள். அந்தத் துளிர்கள் உள்கட்டையில் பிடிப்பில்லாமல் மேல்தோலில் ஒட்டி நிற்பவை. வேகமாக நீண்டு சீக்கிரமே கம்பியைத் தொடும், காற்றில் முதலில் முறிவதும் அவைதான். மொட்டையடிப்பு கம்பிக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது. சுற்றிலும் சிமென்ட் போட்டு வேரை அடைத்த மரம் என்றால் கேட்கவே வேண்டாம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. 2022இல் நிறுத்திவைத்த இருசக்கர வாகனத்தின் சக்கரத்தோடு சேர்த்துச் சாலை போட்டதற்கும், அடிபம்பை உள்ளே வைத்தே கால்வாய் கட்டியதற்கும் வேலூர் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அப்படிப்பட்ட வேலையில் மரத்தின் வேருக்கு ஒரு மீட்டர் யார் விட்டிருப்பார்கள்?

உயிர் பெரிதா மரம் பெரிதா என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. ஈரக் கிளை கம்பியில் பட்டால் பியூஸ் போவதோடு நிற்காது. கம்பி அறுந்து விழுந்தால் அடுத்த நாள் காலையில் முதலில் அதன்மேல் கால் வைப்பவர் பால்காரரோ பள்ளிப் பிள்ளையோ ஆகலாம். முருங்கை பறிக்க இரும்புத் தொரட்டியை நீட்டியவர்கள் மின்சாரம் தாக்கி இறந்த செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். உலக அளவிலும் உதாரணம் உண்டு: 2003 ஆகஸ்ட் 14இல் அமெரிக்காவின் ஒகையோவில் சுமையால் சூடேறித் தொய்ந்த உயர் அழுத்தக் கம்பிகள் மரங்களில் பட்டுத் தொடங்கிய கோளாறு, அங்கும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேரை இருட்டில் தள்ளியது. இதிலிருந்து, கோபுரங்களில் போகும் பெருந்தடங்களுக்கு அடியில் மரமே கூடாது என்பது ஏற்க வேண்டிய முடிவு. ஆனால் வீட்டு வாசலில் போவது 230 வோல்ட்டோ 400 வோல்ட்டோ கொண்டுசெல்லும் தாழ்வழுத்தக் கம்பி. அதை உறையிட்ட கேபிளாக முறுக்கிக் கட்டும் ஏரியல் பஞ்ச்டு கேபிள் நம் மின்வாரியத்துக்குத் தெரியாத பொருளல்ல. இலை உரசினால் அதில் மின்சாரம் கசியாது, கம்பிகள் ஒன்றோடொன்று மோதாது, அறுந்தாலும் ஆபத்து குறைவு, கொக்கி போட்டுத் திருடவும் முடியாது. பாதுகாப்பின் பேரில் பேசுபவர்தான் இதை முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் உறையில்லாத கம்பி மரமே இல்லாத தெருவிலும் ஆபத்துதான்.

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி அடுத்தது. கடனில் தவிக்கும் வாரியத்திடம் ஊர் முழுக்கக் கம்பி மாற்றச் சொன்னால் கட்டணம் நம் தலையில்தான் விழும். ஆகையால் ஊர் முழுக்க வேண்டாம். பழைய மரம் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்ட தடத்தை மட்டும் மாற்றலாம். அங்கே ஆண்டுதோறும் மின்தடையும் ஆளும் வண்டியுமாக ஆகிற செலவைக் கழித்துப் பார்த்தால் சுமை இன்னும் குறையும். இப்போதைய முறையில் ஒரு தலைகீழ் நியாயம் இருக்கிறது. மரத்தைக் காப்பாற்றக் கம்பத்தைத் தள்ளி நடுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டால், மதிப்பீடு போட்டு அந்தச் செலவை அவரையே கட்டச் சொல்கிறார்கள். கம்பத்துக்கு முன்பே மரம் நின்றிருந்தால் இது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. அங்கே மரத்துக்காரர் இழப்பீடு பெற வேண்டியவர். மனமிருந்தால் வழி கிடைக்கும் என்பதற்குத் தேரோட்டமே சாட்சி. 2022 ஏப்ரல் 27இல் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தபின், தேரோடும் வீதிகளில் புதைவடம் போட வேண்டும் என்ற பேச்சு வலுத்தது, பல ஊர்களில் வேலையும் நடந்தது. அது செய்ய வேண்டிய வேலைதான். ஆண்டுக்கு ஒரு நாள் வரும் தேருக்குக் கம்பி வழிவிட முடியுமென்றால், ஆண்டு முழுவதும் அங்கேயே நிற்கும் மரத்துக்குச் சில அடி விலகவும் முடியும்.

வீட்டுக்காரரே வெட்டச் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் எளிய பதில் இல்லை. சருகு கொட்டுகிறது, வேர் சுவரைப் பிளக்கிறது, மாடி கட்ட வேண்டும் என்று ஈ.பி.க்கு அவர்களே தொலைபேசுவதும் நடக்கிறது. கர்நாடகம் 1976இலும் மகாராஷ்டிரம் 1975இலும் டெல்லி 1994இலும் ஊர் மரங்களுக்குச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சமவெளி நகரங்களின் வீட்டு மரங்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. அரசு நிலத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழு கேள்வி கேட்கும். தனியார் வளாகத்தில் சந்தனம் போன்ற சில இனங்களைத் தவிர மற்றவை வீட்டுக்காரர் விருப்பம். எல்லாவற்றுக்கும் அனுமதி என்று சட்டம் போட்டால் மக்கள் மரம் வைக்கவே பயப்படுவார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. சந்தனம் வளர்க்கத் தயங்கிய காலத்தை ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ளவர்கள் மறக்கவில்லை. ஆகவே வீட்டுக்காரர் கையைக் கட்டுவதைவிட, காப்பாற்ற நினைக்கும் வீட்டுக்காரருக்கு வழி திறப்பதே முதலில் நடக்க வேண்டியது என்று நினைக்கிறேன். உள்ளே பொந்தாகி அழுகிய மரத்தை எடுப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்கக் கூடாது. அதைத் தட்டிப் பார்த்து முடிவுசெய்ய அனுபவமுள்ள ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வழி இன்றைய விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய பராமரிப்பு வேலை தொடங்கும் முன், பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் ஒரு மனு: மரத்தின் இனம், ஏறத்தாழ வயது, கம்பி வந்த ஆண்டு, பத்திரத்தில் மரம் குறித்திருந்தால் அதன் நகல், இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்த படம். கேட்க வேண்டியவை மூன்று. இந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே உறையிட்ட கேபிள் போடுங்கள். அதுவரை கிளையைத் தடிப்பருகே மட்டும் கழியுங்கள், தலையை வெட்டாதீர்கள். மரத்தை எடுத்தே தீர வேண்டுமென்றால் 68ஆம் பிரிவின்படி நடுவரிடம் போங்கள். பதில் இல்லையென்றால் மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தில் புகாரைப் பதிவுசெய்து எண் வாங்கலாம். அடுத்தது மின்பகிர்மான வட்டத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே சென்னையில் மின்குறைதீர்ப்பாளர். 68ஆம் பிரிவை மேற்கோள் காட்டி ஒரு தெருவிலிருந்து பத்து மனு போனால், மரத்துக்கென்று ஒரு வரி மதிப்பீட்டுத் தாளில் ஏறத் தொடங்கும். கிளை கழிக்கும் நாளில் லைன்மேன் ஏணியில் ஏறும்போது வீட்டில் ஒருவர் இருந்து எந்தக் கிளை, எந்த இடம் என்று காட்டுவதும் நல்லது. அவர்களில் பலருக்கு மரத்தின் மேல் பகை கிடையாது. எங்கே வெட்ட வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.